மேடு ஏறாத கார்

ஆக்லாந்தில் இருக்கிறவர்கள், சிட்னியில் இருக்கிறவர்கள், இன்னும் மார்டின்டாரிலேயே கடை போட்டு உட்கார்ந்துகொண்டு தேங்காய்ப்பாலில் வெந்த மீன் படத்தை அனுப்பி நம் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிற அந்த ஒருத்தன், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதைத் தட்டுகிறேன். நேற்று குரூப்பில் ஒரு மகானுபாவன் நம்ம ட்ராசா மேட்டின் படத்தைப் போட்டு, "இதுக்கா சின்ன வயசுல பயந்தோம்" என்று எழுதியிருந்தான். நீ பயந்திருக்க மாட்டாய் ராசா, உங்கள் வீட்டில் லாரி இருந்தது. என் குடும்பம் கடல் தாண்டி அடுத்த தீவில் இருக்கிற லம்பாசாவுக்கு மூட்டை கட்டுவதா வேண்டாமா என்பது அந்த மேட்டில்தான் முடிவானது. இந்தக் கதை உங்களில் ஒருத்தருக்கும் முழுசாகத் தெரியாது. நமக்கெல்லாம் குனிந்தால் இடுப்பு பிடிக்கிற வயசு வந்துவிட்டது, அதனால் மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். வேகமாக அடிக்கிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் தீவு நாட்டில் கூ, அதுதான் ஆட்சிக் கவிழ்ப்பு, நடந்த வருஷம். சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமென்டுக்குள் புகுந்து ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து நகத்தைக் கடித்தார்கள். நாம் என்ன செய்தோம்? பள்ளிக்கூடம் மூடியதற்கு ஆட்டம் போட்டோம். கொஞ்ச நாளில் ஆட்டம் அடங்கியது, ஏனென்றால் ஆடுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு வீடாகச் சோபாவையும் ஃப்ரிட்ஜையும் புல்தரையில் இழுத்துப் போட்டு விற்றார்கள். போன வாரம் நம்மோடு கில்லி ஆடியவள் இந்த வாரம் நாந்தி ஏர்போர்ட்டில் புது ஷூ கடிக்குது என்று அழுதுகொண்டு நிற்பாள். நம் செட்டில்மென்டின் ஒரே மெக்கானிக்கும் அப்படித்தான் பிரிஸ்பேனுக்குப் போனார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் அப்பா வெல்டர். ஆக்லாந்தில் ஒரு வேலை கிடைத்தது. முதலில் அவர் போவது, விசா பேப்பர் கிடைத்ததும் அம்மாவும் நானும் போவது என்று ஏற்பாடு. அவர் விட்டுப் போன சொத்து எங்கள் கார் ஒன்றுதான். பாலில் நனைத்த பிஸ்கட் நிறத்தில் ஒரு பழைய ஜப்பான் கார். பின் கதவு ஒன்று உள்ளேயிருந்து மட்டும் திறக்கும். மழை பெய்தால் ஈர நாய் மாதிரி வாசம் அடிக்கும்.

அம்மாவுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அப்பாதான். கரும்புத் தோட்டத்து மண் ரோட்டில் பாடம். மூன்றாவது பாடமோ நாலாவது பாடமோ, பிரேக் என்று நினைத்து அம்மா ஆக்சிலரேட்டரை ஒரே மிதி மிதித்தார். கார் ரோட்டை விட்டுக் கரும்புக்குள் போய்விட்டது. நான் பின் சீட்டில். நாலு பக்கமும் பச்சைச் சுவர், கண்ணாடியில் சோகை உரசுகிற சத்தம், கார் நின்றபோது இரண்டு கரும்பு ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது. அம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. வெள்ளையாக வெளுத்துப்போய் ஒரு கரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டார். அப்பா ஆக்லாந்துக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் டெஸ்ட். இவ்வளவு நிதானமாக ஓட்டுகிற பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று டெஸ்ட் எடுத்த அதிகாரி பாராட்டினாராம். அம்மாவுக்கே அது ஆச்சரியம். நான் நல்லாத்தானே மிதிச்சேன் என்றார்.

அப்பா கிளம்பிய அன்று பக்கத்து வீட்டு நேய் ஒரு பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நேய் என்றால் அந்த மண்ணின் பூர்வகுடிகளான அவர்கள் பாஷையில் அத்தை. மெதடிஸ்ட் சர்ச்சில் பாடுகிறவர். ஆள் கதவளவு அகலம். சிரித்தால் எங்கள் தகரக் கூரை அதிரும். பிரிவோ வரவோ, முக்கியமான எதற்கும் பாய் கொடுப்பது அவர்கள் வழக்கம். ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையும் கம்பளி நூல் குஞ்சம் வைத்த தடித்த பாய் அது. காய்ந்த தாழை வாசம் வீடு முழுக்க அடித்தது. ரேடியோவில் அவர்கள் நாம் என்று என்னென்னவோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பாயை அம்மா கீழே வைக்க மனசில்லாமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். வீட்டில் எது ரொம்ப நல்ல பொருளோ, அது காருக்குப் போய்விடும். பிளாஸ்டிக் மாலை, சாமி படம், குரோஷா பின்னல் போட்ட டிஷ்யூ டப்பா. அம்மா பாயைக் காரின் முன் பக்கம் இரண்டாக மடித்து, குஞ்சம் தெரிகிற மாதிரி விரித்தார். கால் வைக்கிற இடத்தில். நேய் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தார்.

அம்மாவுக்கு லௌத்தோக்காவில் துணி ஃபேக்டரியில் வேலை, சட்டைக்குக் காலர் தைப்பது. ஊரடங்குக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என்னையும் இரண்டு மூட்டை அரிசியையும் ஏற்றிக்கொண்டு மேட்டடிக்கு வந்தார். பாதி மேட்டில் கார் முனக ஆரம்பித்தது. அம்மா மிதியைத் தரையோடு அழுத்தினார். கார் இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது. பின்னால் ஒரு கரும்பு லாரி. அதன் டிரைவர் இறங்கி வந்து, அக்கா, கழுதைக்குத் தீனி போட்டீங்களா என்றார். அரிசி லாரியில் ஏறியது, நான் இறங்கினேன், நாலு பேர் தள்ளினார்கள். அம்மா யாரையும் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். காது மட்டும் சிவந்திருந்தது.

இந்தச் செய்தி கப்பலை விட வேகமாக லம்பாசா போய்ச் சேர்ந்தது. மறுநாளே கடை ஃபோனுக்கு என் பெரியப்பா கூப்பிட்டார். அப்பாவின் அண்ணன், அங்கே கரும்பு வைத்திருந்தார். ஆம்பளை இல்லாத வீடு, நாடு இருக்கிற நிலைமை, மேடு கூட ஏறத் தெரியாத டிரைவர். நாளை மறுநாள் வருகிறேன், வீட்டைப் பூட்டு, காரோடு கப்பலேறலாம், பேப்பர் வரும் வரை லம்பாசாவில் இரு என்றார். லம்பாசா தங்கமான ஊர்தான், லம்பாசாக்காரர்கள் சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அங்கே போனால் அம்மாவுக்கு ஃபேக்டரி இல்லை, சம்பளம் இல்லை, பெரியம்மாவின் அடுப்படியில் ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டும். அதை நினைத்தாலே அம்மாவுக்கு மூச்சு முட்டும். எனக்கு? என் சைக்கிளைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். என் துக்கம் அவ்வளவுதான்.

கடையில் இருந்த எல்லாரும் கேட்க, அம்மா ஃபோனில் சொன்னார்:

"மாமா, நீங்க வாங்க. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு என் வண்டியில போவோம். மேடு ஏறலன்னா நான் வாய தொறக்காம கப்பல் ஏறிக்கிறேன்."

பெரியப்பா சரி என்றுவிட்டார். கோயில் மேட்டு உச்சியில். அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

அன்றைக்கே அப்பாவிடமும் பேசினார். வண்டி இழுக்க மாட்டேங்குது, என்ன பார்க்கணும் என்று கேட்டார். அப்பா தண்ணி கலந்த பெட்ரோலாக இருக்கும் என்றார். அப்புறம் டயரில் காற்று என்றார். அப்புறம், ரோடெல்லாம் செக்போஸ்ட் இருக்கிறபோது என்ன அவசரம், மெதுவாகப் போனால் போதாதா என்றார். பெரியப்பா வருகிற விஷயத்தை அம்மா சொல்வதற்குள் ஃபோன் கார்டு தீர்ந்துவிட்டது. அம்மா ரிசீவரை வைத்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.

சனிக்கிழமை காலை. மில் ஓடிக்கொண்டிருந்த பருவம், காற்றில் வெல்லப்பாகு வாசம். எரித்த தோட்டத்திலிருந்து கரும்புக் கரி மெல்லிய கறுப்பு ரிப்பனாகப் பறந்து வந்து கொடியில் காய்கிற துணியில் உட்கார்ந்தது. மெக்கானிக்தான் பிரிஸ்பேனில் இருக்கிறாரே, அம்மாவே பானெட்டைத் திறந்து குச்சியை முட்டுக் கொடுத்தார். எஞ்சினை அணைத்து ஆறவிட்டிருந்தார். காருக்குள் என்ன எங்கே என்று அவருக்குத் தெரியாது. தையல் மெஷின் தெரியும்.

"மிதிச்சா ஊசி ஓடணும். ஓடலன்னா மிதிக்கும் ஊசிக்கும் நடுவுல எங்கியோ கோளாறு. நீ போய் மிதி, நான் ஊசிய தேடறேன்."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் என் கால் மிதிக்கு எட்டவில்லை. தலைகீழாகக் கவிழ்ந்து, கால் சீட்டு மேல், தலை ஸ்டியரிங்குக்குக் கீழே, இரண்டு கையாலும் ஆக்சிலரேட்டரை அமுக்கினேன். வெளியே அம்மா, திரும்ப, திரும்ப என்றார். மிதியிலிருந்து ஒரு இரும்புக் கயிறு கறுப்பு உறைக்குள் ஓடி எஞ்சின் பக்கம் வந்தது. அதன் முனை ஒரு சின்ன வட்டத் தகட்டில் மாட்டியிருந்தது. நான் அமுக்கினால் தகடு திரும்பும், விட்டால் ஸ்பிரிங் இழுத்துப் படக்கென்று பழைய இடத்துக்கு வரும். கண்டுபிடித்துவிட்டார். ஊசி அதுதான்.

ஆனால் நான் முழு பலத்தோடு அமுக்கியும் தகடு பாதிதான் திரும்பியது. அம்மா விரலால் தள்ளினார். இன்னும் பாதி தூரம் சுலபமாகப் போனது. அப்படியானால் எஞ்சின் பாவம், அதன் மேல் குற்றம் இல்லை. நாம் தரை வரை மிதித்தும் அது பாதி வாய்தான் திறக்கிறது. எனக்கு முக்கல் முனகலோடு மூக்கில் தாழை வாசம் வேறு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிதி தரையைத் தொடவில்லை, பாயைத் தொடுகிறது. இரண்டாக மடித்த, தடித்த, குஞ்சம் வைத்த பாய்.

கத்தினேன். அந்த நேரம் பார்த்து நேய் வேலி ஓரமாக எட்டிப் பார்த்தார். அம்மாவுக்குப் பூமி பிளக்கக் கூடாதா என்று இருந்தது. கொடுத்த பாயைக் காலடியில் போட்டது மட்டுமில்லை, அதனால்தான் கார் ஓடவில்லை என்றும் சொல்ல வேண்டும். அம்மா ஹிந்தியில் தடுமாறித் தடுமாறி ஏதோ சொன்னார். எங்களுக்குள் பொதுப் பாஷை அதுதான். நேய் கூரை அதிரச் சிரித்தார். இது உட்காருகிற பாய், உன் காரில் மிதியா உட்காருகிறது என்று கேட்டுவிட்டு, பாயை உருவிப் பின் சீட்டில் தட்டி விரித்தார். அப்புறம் என்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு அவரே டிரைவர் சீட்டில் இறங்கினார். கார் ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மாவை அவர் பஹினி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்.

"பஹினி, இப்ப மிதிக்கிறேன் பாரு. தரையே போயிடும்."

மிதித்தார். தகடு முன்பை விடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியது. முழுசாக இல்லை. பாய் பாதி திருடன்தான். இன்னொரு திருடன் பாக்கி இருந்தான்.

அம்மா கயிற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். தொளதொளவென்று தொங்கியது. கயிற்றின் உறை ஒரு இரும்புத் தாங்கியில் வந்து உட்காருகிற இடத்தில் மரை போட்ட ஒரு துண்டு. தாங்கிக்கு இந்தப் பக்கம் ஒரு நட்டு, அந்தப் பக்கம் ஒரு நட்டு. இரண்டும் சேர்ந்து உறையை நெருக்கிப் பிடித்திருந்தன. இரண்டையும் ஒரு பக்கமாகத் திருகினால் கயிறு இறுகும், மறுபக்கம் திருகினால் தளரும். தையல் மெஷினில் நூலை இறுக்குகிற திருகு மாதிரிதானே, என்றார் அம்மா. முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

அப்பாவின் ஸ்பேனர்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அந்த டப்பாவின் மூடியில் பனியில் ஓடுகிற குதிரை வண்டிப் படம். இன்றைக்கு யாராவது அதைக் கொண்டுவந்து கொடுத்தால் என் ஃபோனைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்வேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் நட்டில் சரியாக உட்கார்ந்தது. அம்மா ஆசை தீர இறுக்கினார். கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்தது. நேய் சாவியைத் திருப்பினார்.

யாரும் மிதிக்காமலேயே எஞ்சின் அலறியது. எங்கள் கோழிகள் நேயின் தோட்டத்துக்கும் நேயின் கோழிகள் எங்கள் தோட்டத்துக்கும் பறந்தன. நேய் ஏசுவைக் கூப்பிட்டுக்கொண்டே சாவியை அணைத்தார். மூன்று பேர் தலையிலும் கரும்புக் கரி.

"ரொம்ப இறுக்கிட்டேன். அது மிதியில கால் வெச்சமாரியே நிக்கிது," என்றார் அம்மா.

திரும்பவும் தளர்த்தக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டு மரையைக் காட்டினார். அந்தத் துண்டு முழுக்கத் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும். நடுவில் மட்டும் ஒரு நட்டின் அகலத்துக்குப் பளபளவென்று சுத்தமாக இருந்தது. பல வருஷமாக ஒரு நட்டு அங்கேயே உட்கார்ந்து, துரு ஏறாமல் மூடி வைத்திருந்த இடம். நாங்கள் பார்த்தபோது நட்டு இருந்ததோ அதற்கு ரொம்பத் தள்ளி, மரையின் கடைசியில்.

"இது தானா தளரல. ஸ்பேனர் வெச்சி யாரோ கடேசி வரைக்கும் திருப்பி விட்டிருக்காங்க."

யார் என்று கேட்டேன். அம்மா பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். அதைத் தொடுகிற ஆள் அந்த வீட்டில் ஒரே ஒருத்தர்தான், அந்த ஆள் ஆக்லாந்தில் இருந்தார். நேய்க்குத் தமிழ் தெரியாது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

நட்டைப் பளபளப்புக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விரலால் தூக்கினால் கயிறு ஒரு துளி அசையும், அதற்கு மேல் இல்லை. நேய் மிதித்தார். தகடு முழுசாகத் திரும்பி டக்கென்று இடித்து நின்றது. விட்டார், படக்கென்று திரும்பி வந்தது. இரண்டு நட்டையும் நெருக்கிப் பூட்டினார்கள். எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. அம்மா கையை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, பெரியப்பாவுக்கு மீன் குழம்பு வைக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை லௌத்தோக்கா பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்ட பெரியப்பா முன் சீட்டில், மடியில் பூஜைத் தேங்காய். பின்னால் நேயின் பாயில் நான். கிளம்பியதிலிருந்து லம்பாசா வீட்டில் எங்களுக்கு எந்த அறை, எந்தக் கட்டில் என்று பெரியப்பா விளக்கிக்கொண்டு வந்தார். மேடு ஆரம்பித்தது. வியாழக்கிழமை நின்ற அதே இடத்துக்குக் கொஞ்சம் கீழே, எங்களுக்கு முன்னால் போன கரும்பு லாரி நின்றுவிட்டது. அதே லாரி, அதே டிரைவர். கட்டுச் சங்கிலி அவிழ்ந்து சரி செய்துகொண்டிருந்தார். சரிவில் வண்டியை நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டும். அம்மாவுக்கு அதைவிடக் கஷ்டமான பரீட்சையை எந்த அதிகாரியும் வைத்திருக்க முடியாது.

பெரியப்பா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இறங்கித் தள்ளட்டுமா என்றார், கொஞ்சம் சந்தோஷமாகவே. லாரி நகர்ந்தது. அம்மா கிளட்சை மெல்ல விட்டார், ஹேண்ட்பிரேக்கை இறக்கினார், வலது காலைத் தரை வரைக்கும் அமுக்கினார்.

என்ன சொல்ல? அந்தக் கிழட்டுக் கார் துள்ளியது. தேங்காய் பெரியப்பாவின் மடியிலிருந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. பெரியப்பாவின் முதுகு சீட்டில் ஒட்டியது. லாரிக்காரரைத் தாண்டும்போது அம்மா ஹாரன் அடித்தார், தேவையே இல்லாமல், நீளமாக. உச்சியில் கோயில் வாசலில் நிறுத்தியபோது பின்னால் ரோடு முழுக்கப் புழுதி.

பெரியப்பா இறங்கி வேட்டியைச் சரி செய்துகொண்டார். காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"ஏம்மா, இந்த வண்டி லம்பாசாவுக்கு ஒத்துவராது. ரொம்ப இழுக்குது," என்றார். "இங்கியே இருக்கட்டும். நீங்களும் இருங்க."

அவ்வளவுதான். தேங்காயைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கடை ஃபோனில் அப்பா. பெரியப்பா வந்தது, சொன்னது, திரும்பிப் போகப்போவது எல்லாவற்றையும் அம்மா ஒப்பித்தார். வண்டி எப்படி என்று அப்பா கேட்டார்.

"நல்லா இழுக்குது."

"இழுக்குதா?" அப்பாவின் குரல் எனக்கே கேட்டது. "எப்படி இழுக்கும்?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அம்மா பல்லியை வாசலில் வைத்துப் பிடித்த பூனை மாதிரி நிதானமாக இருந்தார்.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் டப்பால பத்திரமா இருக்குங்க. கவலப்படாதீங்க."

அப்பா உடனே ஆக்லாந்துக் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெளிநாட்டு ஃபோனில் அவ்வளவு நேரம் குளிரைப் பற்றியே பேசிய மனுஷனை நான் பார்த்ததில்லை. பின்னால் நான் காலேஜில் மெக்கானிக்கல் படித்து, கேபிள், டார்க், லொட்டு லொசுக்கு எல்லாம் கற்றுக்கொண்ட பிறகு இதை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். நாடு முழுக்கத் துப்பாக்கி. அவற்றில் ஒன்றைக்கூட அப்பாவால் தளர்த்த முடியாது. கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது, கேபிளைத் தளர்த்திவிட்டுப் போய்விட்டார், நாங்கள் மெதுவாகப் போனால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று. அந்தப் பாசத்தால்தான் நாங்கள் ஊரடங்கு நேரத்தில் பாதி மேட்டில் நின்றோம்.

மறு வருஷம் பேப்பர் வந்தது. கார் நேயின் மகனுக்குப் போனது. பாய் எங்களோடு வந்தது. ஏர்போர்ட்டில் அதை விரித்து, முகர்ந்து, தட்டி, பூச்சி இல்லை என்று விட்டார்கள். வெளியே ஆக்லாந்துக் குளிர் காதைக் கடித்தது. அப்பா பாதி இளைத்திருந்தார். புதுசாக வாங்கிய பழைய காரைப் பெருமையாகக் காட்டி, அம்மாவுக்காக இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

அம்மா உட்காரவில்லை.

"பானெட்ட தொறங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் திறந்தார். அம்மா என் பக்கம் திரும்பி, போய் மிதி என்றார். என் கால் வளர்ந்திருந்தது, இந்தத் தடவை உட்கார்ந்தபடியே எட்டியது. தரை வரை மிதித்தேன். வெளியே டக்கென்று ஒரு சத்தம்.

"முழுசா தொறக்குது," என்று அம்மா பானெட்டை இறக்கினார். நேயின் பாயை இடது சீட்டில் குஞ்சம் தெரிகிற மாதிரி விரித்தார். அப்புறம் சாவிக்காகக் கையை நீட்டினார்.

அப்பா கொடுத்தார். சுற்றி வந்து பாயின் மேல் உட்கார்ந்தார். சீட் பெல்ட்டைப் போட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.